என் குரலில் பேசிய டிரைவர்

சில ஆண்டுகளுக்கு முன், மாங்காய் சீசன் தொடங்கியிருந்த நேரம். ஓசூரில் எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நானே உருவாக்கி விற்றுக்கொண்டிருந்த மொபைல் ஆப்பை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எனக்குத் திருநெல்வேலி பக்கம். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்தவள். வந்த புதிதில் காய்கறி வாங்கப் போனால் ஒரு கடையில் கன்னடம், அடுத்த கடையில் தெலுங்கு. நான் திருதிருவென்று விழித்த அந்த நாட்களில் பிறந்ததுதான் அந்த ஆப். திரையில் உள்ள படத்தைத் தொட்டால் 'இது என்ன விலைங்க?', 'இந்த பஸ் எங்க போகுதுங்க?', 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று பேசும். கன்னடமும் தெலுங்கும் மாடி வீட்டு அக்கா பேசிக் கொடுத்தார். வட மாநிலத் தொழிலாளர்களுக்கு உதவட்டும் என்று தமிழையும் சேர்த்தேன். அது என் குரல்.

முதலில் ஓரளவு விற்றது. பிறகு மொழிபெயர்க்கும் ஆப்கள் இலவசமாகவே வர ஆரம்பித்ததும் வாங்க ஆளில்லை. போன்களில் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் என் ஆப்பில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். யாருக்காக இத்தனை பாடு என்று அலுத்துவிட்டது. பெங்களூரில் வேலையும் கிடைத்தது. 'இந்த மாதக் கடைசியோடு இந்த ஆப் நிறுத்தப்படுகிறது' என்று அறிவிப்புப் போட்டுவிட்டேன்.

மறுநாளே ஒரு மெயில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். "மேடம், ஆப்ப நிறுத்தாதீங்க. எங்க ஊட்டுக்காரரு அதுலதான் பேசறாரு." கீழே ஒரு போன் நம்பர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிட்டேன். உத்தனப்பள்ளியில் இருக்கும் ஒரு பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் கம்பெனி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறியும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும், பதில்தான் வாயில் வராது. எழுத்தும் பிடிபடவில்லை. கூட வேலை பார்க்கும் ஒடிசா பெண்ணின் போனில் என் ஆப்பைப் பார்த்துவிட்டு, படத்தைத் தொட்டால் பேசுகிறதே என்று கணவரின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் பைக்கில் கிளம்பிப் போனோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் எங்களைப் பார்த்ததும் மடியிலிருந்த போனைத் தொட்டார். "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றது போன். என் குரலே என்னை வரவேற்றது.

நான் கடைத்தெருவுக்காகச் செய்த வாக்கியங்களை வைத்து அவர் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தார். மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் 'இந்த பஸ் எங்க போகுதுங்க?' மனைவி திட்ட ஆரம்பித்தால் 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க!'

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வாட்டி கூட என்னை வாங்க, போங்கன்னு சொன்னதில்ல மேடம். இப்ப மரியாதையைப் பாருங்க" என்றார் அந்தப் பெண். டிரைவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

வேறு என்ன வார்த்தை வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. மனைவியைக் காட்டினார். கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"பசிக்குதா?" இல்லை என்று தலையாட்டினார். "மாத்திரையா? தண்ணியா?" இல்லை. மறுபடி மனைவியைக் காட்டினார். எங்களுக்குப் பிடிபடவில்லை. போனைப் பக்கத்திலிருந்த கட்டிலில் எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

என் கணவர் மெல்லச் சொன்னார். "இந்த அக்கா சாப்ட்டாங்களான்னு கேக்காரோ?"

அவர் சட்டென்று திரும்பி என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பஸ் ஓட்டறப்ப எங்க இருந்தாலும் போன் போட்டு மொதல்ல அதைத்தான் கேப்பாரு."

தனக்கு வேண்டியதைக் கேட்க என் ஆப்பில் எத்தனையோ பட்டன்கள் இருந்தன. அடுத்தவரை விசாரிக்க 'நல்லா இருக்கீங்களா' தவிர ஒன்றுகூட இல்லை.

உடனே பேசிப் பதிவு செய்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மத்ததுக்கெல்லாம் உங்க கொரலு நல்லாதான் இருக்குது. இதுக்கு மட்டும்..." என்று இழுத்தபடி தன் போனைத் திறந்தார். பஸ் நின்ற இடங்களிலிருந்து கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். ஒன்றைக்கூட அந்தப் பெண் அழிக்கவில்லை.

நால்வரும் உட்கார்ந்து கேட்டோம். ஹாரன் சத்தம், அத்திப்பள்ளி டிராபிக், நடுவில் ஒரு லாரிக்காரரைக் கன்னடத்தில் திட்டியது. "அதுக்கும் ஒரு பட்டன் போடுங்க மேடம், பாவம், திட்டாம இருக்க முடியல அவரால" என்றார் மனைவி.

அந்த மெசேஜ்களிலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்து ஆப்பில் சேர்த்தேன். அடுத்த ஞாயிறு மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் புதுப் படங்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டார்.

"நான் வர லேட்டாவும். நீ சாப்ட்டு படு."

"பட்டப்பகல்ல யாருய்யா படுப்பா?" என்று கேட்டுச் சிரித்த மனைவி, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். டிரைவர் மறுபடியும் அதையே தொட்டார். பிறகு இன்னொன்றைத் தேடித் தொட்டார். "சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதன்பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் இலை போட்டார்.

ஆப்பை நான் மூடவில்லை. யாரும் தங்கள் வீட்டுக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்து, ஞாயிறுதோறும் பராமரித்து வருகிறேன். விற்பனை பெரிதாக ஒன்றுமில்லை. பெங்களூர் அலுவலகத்தில் எவ்வளவோ பெரிய மென்பொருள்களில் வேலை பார்க்கிறேன். ஆனால் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்கும்போதெல்லாம், ஒரு மனிதர் தன் சொந்தக் குரலில் மனைவியை விசாரித்த அந்த மதியம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.