ஊஞ்சல் மார்க்கின் பன்னிரண்டாவது சட்டை

பந்து உதைப்பதற்குச் சம்பளம் என்றதும் அறுபத்து நான்காம் வருடத்துத் திருப்பூர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஊஞ்சல் மார்க் பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் அதைத்தான் செய்தார். கோயமுத்தூர் மில்களுக்கெல்லாம் ஃபுட்பால் டீம் இருக்கிறது, லீக் நடக்கிறது, பேப்பரில் பெயர் வருகிறது, பனியன் கம்பெனிக்காரன் மட்டும் இளைத்தவனா என்று அவருக்கு ரோஷம். ஆடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார். மூன்று மணி வரை கம்பெனி வேலை, அதற்கு மேல் பந்து. "ஒதைக்கறதுக்குக் கூலி வாங்கற கழுதைய இப்பத்தான் பாக்கறேன்" என்று டீக்கடையில் கிண்டலடித்தவர்களே, ஆள் எடுப்பது நிஜம் என்று தெரிந்ததும் தங்கள் மச்சினனுக்கு ஓர் இடம் கேட்டுக் கம்பெனி வாசலில் நின்றார்கள்.

பதினோரு இடங்களில் கடைசி இடம் நல்லானுக்குக் கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை அவன் ஒன்பது மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நல்லானும் சின்னானும் ஒரே சந்து. இரண்டு பேருக்கும் நொய்யல் கரைச் சலவைப் பட்டறையில் வேலை. துணியை வெளுப்பதும், அலசுவதும், கரைப் பொட்டலில் நீளநீளமாய்க் காயப்போடுவதும், பொழுதோடு சுருட்டி எடுத்து வைப்பதும்தான். துணி எடுத்த பிறகு அந்தப் பொட்டல்தான் அவர்களுக்கு மைதானம். சின்னான் இடது ஓரமாய் ஓடுவான். நல்லான் பின்னாலிருந்து தலை நிமிராமலே அந்தப் பக்கம் பந்தைத் தள்ளுவான். பார்க்க வேண்டியதே இல்லை, சின்னான் அங்கே இருப்பான். ஓடுவதற்கு முன்னால் முழங்காலில் வேப்பெண்ணெய் தேய்த்துக்கொள்வது சின்னானின் பழக்கம். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று மூக்கே சொல்லிவிடும்.

பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து இந்த இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்வார். புதன்கிழமை மாலை பொட்டலில் இவர்கள் இருவர் மட்டும். சின்னான் நல்லானைத் தாண்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு போனான். இரண்டாவது முறையும் தாண்டினான். மூன்றாவது முறை பந்து எட்டிப் போன பிறகு, நல்லான் தோளைக் கொடுத்து முழு வேகத்தில் அவன் மேல் மோதினான். ஆட்டத்தில் நடப்பதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. காலில் அடிபட்டு இரண்டு நாள் நொண்டட்டும் என்று நினைத்துச் செய்தது அது. ஆனால் சின்னானின் தலை, துணிக் கொடி கட்டும் கல்தூணில் போய் இடித்தது.

சின்னான் எழுந்தான். ஆற்றில் முகம் கழுவிக்கொண்டான். "ஏன்டா, பந்து அக்கட்டால போய்ட்டிருக்குது, நீ என்னெ இடிக்கறே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். சாப்பிட்டான், படுத்தான். காலையில் எழுந்திருக்கவில்லை.

ஆற்றங்கரைப் புளியமரத்து முனி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. கேட்க நாதியில்லாத சாமி, பாவம், எந்தப் பழியையும் வாங்கிக்கொள்ளும். முனிக்குச் சேவல் அறுத்தார்கள். அதன் காலைப் பிடித்துக்கொண்டவன் நல்லான்.

சின்னானுக்கு இருந்த ஒரே உறவு அவன் அக்கா வேலாத்தாள். புருஷன் செத்த பிறகு தம்பியோடு வந்து இருந்தவள், ஊஞ்சல் மார்க்கில் பனியன் மடித்து அடுக்குகிறவள். பரிதாபப்பட்ட முதலாளி டீம் சட்டைகளைத் துவைத்துக் கொண்டுவரும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் தகரப் பெட்டியோடு வேனில் அவளும் வருவாள் என்று ஆனது.

சட்டைகளை வெட்டியவர் கட்டிங் மாஸ்டர் சாமியப்பன். பதினோரு சட்டை என்றுதான் அவரிடம் சொன்னார்கள். அவரும் தலையாட்டினார். ஆனால் முப்பது வருடமாய் டஜன் டஜனாய் வெட்டிய கை அது. தைத்து முடித்து எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. "ஏனுங் மாஸ்டர், பன்னெண்டாவது ஆருக்குங்க?" என்று கோல்கீப்பர் தண்டாயுதபாணி கேட்டான். டீமுக்குக் கேப்டனும் அவன்தான். சாமியப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கை வெட்டிப்போடுச்சப்பா" என்றார். ஒன்றை எடுத்துத் தனியாய் வைக்கலாம் என்றால் முதலாளி விடவில்லை. கட்டிய டஜனை உடைத்தால் கம்பெனிக்கு ஆகாது என்பது அங்கே வழக்கம். ஆக, நீலச் சட்டைகள் பன்னிரண்டும் ஒரே கட்டாய்ப் பெட்டிக்குள் போயின. கோல்கீப்பருடையதை மட்டும் இன்னொரு முறை சாயத்தில் முக்கிக் கருநீலமாக்கினார்கள்.

லீக்கில் எட்டு டீம், ஆளுக்கு ஏழு ஆட்டம். கடைசி இடம் வந்தால் அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை. டீம் போனால் வேலையும் போகும்.

முதல் ஆட்டம் கோயமுத்தூரில். பாதி ஆட்டத்தில் மில் டீம் கேப்டன் கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியிடம் ஓடினான். "சார், இவங்க பன்னெண்டு பேர் ஆடறாங்க." ரெஃப்ரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொருவரையும் விரலால் தொட்டு எண்ணினார். பதினொன்று. கூட்டம் சிரித்தது. "திருப்பூர்க்காரங்க கொசுறு குடுப்பாங்க சார்" என்று யாரோ கத்தினார்கள். ஊஞ்சல் மார்க் மூன்றுக்கு ஒன்றாகத் தோற்றது. முடிந்ததும் வேலாத்தாள் சட்டைகளைச் சேர்த்துப் பெட்டியில் வைக்கப் போனவள் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பெட்டிக்குள் கிடந்த பன்னிரண்டாவது சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"எவனோ சோடாவக் கொட்டிப்போட்டான்" என்றான் தண்டாயுதபாணி. நல்லானும் அப்படியே நம்பிக்கொண்டான். நம்புவது நல்லதாக இருந்தது.

இரண்டாவது ஆட்டம் உடுமலையோடு. பந்து காலுக்கு வந்தது. எதிராளி நெருங்கினான். நல்லான் பழக்க தோஷத்தில், தலை நிமிராமல், இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். தள்ளிய பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பந்து கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். போகவில்லை. ஓரத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு அவன் முன்னால் ஓட வேண்டிய இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தது. காற்று என்றார்கள் சிலர். மேடு பள்ளம் என்றார்கள் சிலர். நல்லானுக்கு வேப்பெண்ணெய் வாசம் வந்தது. பந்தை அப்படியே விட்டுவிட்டு நின்றான். கேப்டன் கோலிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டினான்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. சரி, டஜன் உடைந்தாலும் உடையட்டும் என்று பன்னிரண்டாவது சட்டையை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சட்டை இல்லாமல் போன மூன்றாவது ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள். திங்கட்கிழமை பீரோவைத் திறந்தபோது சட்டை ஈரமாய் இருந்தது. கீழ்த்தட்டில் தண்ணீர் சொட்டியிருந்தது. முதலாளி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்ன வார்த்தை இவ்வளவுதான்: "டஜன ஒடச்சது என்ற தப்புங்க. பொட்டியிலயே போட்ருங்க."

பயந்து மூன்று பேர் தாயத்துக் கட்டிக்கொண்டார்கள். பயப்படாதவள் வேலாத்தாள் ஒருத்திதான். நான்காவது ஆட்டம் முடிந்து வேனில் வரும்போது அவள் நல்லான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் அந்தச் சட்டை.

"மோந்து பாரு கண்ணு" என்றாள்.

அவன் முகர்ந்தான். வேப்பெண்ணெய்.

"என்ற தம்பி வெளையாடறான்" என்றாள் வேலாத்தாள். அவள் முகத்தில் துக்கத்தைவிடப் பெருமைதான் தெரிந்தது. "நீ ஒருத்தன்தான் அவனுக்குப் பந்து போடறே. நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். இன்னுங் கொஞ்சம் போடு சாமி. செத்தும் ஆச தீரலெ போல."

நல்லானுக்கு அழுகை வந்தது. அதை அவள் சிநேகிதம் என்று எடுத்துக்கொண்டு அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை படப்பட அவனுக்கு உடம்பு எரிந்தது. அன்றிலிருந்து அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவான். சந்து முனை வரைக்கும் போய்விட்டு, தீப்பெட்டி வாங்க வந்தவன் மாதிரி திரும்பிவிடுவான். சொன்னால் வேலை போகும், ஊர் காறித் துப்பும் என்பதெல்லாம் உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சொன்ன பிறகு வேலாத்தாள் அவனைப் பார்க்கப்போகிற பார்வை.

பந்தை மட்டும் போட்டான். ஆளில்லாத ஓரத்துக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். போட்ட பந்தெல்லாம் திரும்பி வந்தது. எதிராளிகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் பன்னிரண்டு பேர் என்று கத்தினார்கள், ரெஃப்ரி எண்ணினார், பதினொன்றுதான் வந்தது. இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஒன்றில் சமன் செய்து, ஆறு ஆட்டம் முடிந்தபோது ஊஞ்சல் மார்க் ஏழாவது இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டம் எட்டாவது இடத்திலிருந்த பொள்ளாச்சியோடு. சமன் செய்தால் போதும், அடுத்த வருடமும் டீம் உண்டு, வேலை உண்டு.

ஆட்டம் திருப்பூரிலேயே, ஹைஸ்கூல் மைதானத்தில். கம்பெனிக்கு அரைநாள் லீவு. மாசி வெயில். இரண்டு டீமும் கோட்டில் வரிசையாய் நின்றன. ரெஃப்ரி ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நல்லான் கடைசி ஆள். சும்மா நிற்க முடியாமல் அவனும் மனசுக்குள் எண்ணினான். தண்டாயுதபாணி ஒன்று, அடுத்தவன் இரண்டு. தன் பக்கத்தில் இருப்பவனிடம் வந்தபோது பதினொன்று.

பக்கத்தில் இருப்பவனை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே மட்டும் பார்த்தான். எண்ணெய் மின்னுகிற முழங்கால்.

"பதினொண்ணு, சரி" என்றார் ரெஃப்ரி, நல்லானுக்கு முன்னாலேயே நின்று. அவனைத் தாண்டி அவர் பார்வை போனது. அவன் அங்கே நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

நல்லான் சட்டையைக் கழற்றினான். "சார், நான் அதிகப்படிங்க" என்றான். ரெஃப்ரி திடுக்கிட்டு அவனைப் பார்த்தார், மறுபடி வரிசையைப் பார்த்தார். அதற்குள் அவன் கோட்டை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தான். தண்டாயுதபாணி பின்னாலிருந்து கத்தினான். முதலாளி பந்தலிலிருந்து எழுந்தே விட்டார். மாற்று ஆள் கிடையாது. இப்போது எண்ணினால் பத்துப் பேர்தான். விசில் அடித்தது.

வேலாத்தாள் இடது ஓரத்தில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். நல்லான் அவள் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தான்.

"அக்கா, முனி அடிக்கலீங்க. நாந்தான். பந்து போனதுக்கப்புறம், வேணும்னே இடிச்சேன். தல தூணுல பட்டுருச்சு. அந்த எடத்துக்கு ஆசப்பட்டு இடிச்சேனுங்க."

அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்ப தல வீங்கியிருந்துச்சு" என்றாள் கடைசியில். "என்னடான்னு கேட்டேன். நானே தடுக்கி உழுந்தேன்க்கா, நல்லான்தான் தூக்கி உட்டான்னான். நீ தூக்கி உட்டயேன்னுதான் இத்தன நாளா உன்னெக் கண்ணு, சாமின்னேன். என்ற தம்பி எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லெ. ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கறான். அதும் உனக்கோசரம்."

நல்லான் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். அவள் அவனைத் தொடவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை. "பாரு, பந்து போட ஆளில்லாம நிக்கறான்" என்று ஆளில்லாத ஓரத்தைக் காட்டினாள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள் என்று பேப்பர்க்காரனுக்கு ஆச்சரியம். "பத்துப் பேர்னு சொன்னது எவன்? இடது பக்கம் நுழையவே முடியலெ" என்று பொள்ளாச்சிக்காரர்கள் முனகிக்கொண்டே லாரி ஏறினார்கள்.

வேலாத்தாள் சட்டைகளைச் சேகரித்தாள். ஆடிய பத்துப் பேருடையது ஈரம். பெட்டிக்குள் இருந்ததும் ஈரம். உலர்ந்திருந்தது நல்லானுடையது மட்டும்தான். அவள் அதைப் பனியன் மடிக்கிற கையால் அழகாக மடித்து அவனிடம் நீட்டினாள். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், டஜன் உடைகிறது என்று வாய் திறக்கவில்லை.

"இது உன்றது. நீயே வெச்சுக்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசியதில்லை.

பெட்டியில் இருந்த சட்டையும் அதன் பிறகு ஒருநாளும் நனையவில்லை. டீம் இன்னும் ஐந்து வருடம் ஆடியது. நல்லான் ஆடவில்லை. முதலாளி வேலையை மட்டும் பறிக்காமல் விட்டார். கம்பெனிச் சலவைப் பிரிவிலேயே அவன் தலை நரைத்தது. கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு பெண் பிள்ளைகள், கையளவு ஓட்டு வீடு. வேலாத்தாள் காய்ச்சலில் கிடந்தபோது அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். எழுபத்தெட்டாம் வருடம் அவள் போனபோது பாடை தூக்கிய நான்கு பேரில் ஒருவன்.

வருடாவருடம் மாசி மாதம் அந்தக் கடைசி ஆட்டத்தின் நாள் வரும். நல்லான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீலச் சட்டையை எடுத்து, கழுத்திலும் கக்கத்திலும் விரலால் தடவிப் பார்ப்பான். மூக்கில் வைத்துப் பார்ப்பான். வெறும் பருத்தி வாசம். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. ஒரே ஒரு தடவை சின்னான் வந்து நனைத்துவிட்டுப் போயிருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, மடித்து மறுபடி உள்ளே வைப்பான்.