அத்தை கனோசாவில் நின்ற கதை

“நிலமானிய முறைன்னா என்னடி?” என்று அத்தை கேட்டபோது அவள் பல்லிடுக்கில் நூல் இருந்தது. நூலின் மற்ற பக்கம் ஒரு வாடிக்கையாளரின் புருவத்தின் மேல் கத்தரி போல ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் மகள் பக்கத்து ஸ்டூலில் அத்தையின் வரலாற்றுப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிற பெண். அத்தை அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

“ராஜா நிலத்தைப் பிரபுவுக்குக் கொடுப்பாரு.”

“சும்மாவா?”

“இல்ல. விசுவாசமா இருப்பேன்னு பிரபு மண்டி போட்டுச் சத்தியம் பண்ணணும். கூப்பிட்டப்போ எல்லாம் ஓடிப் போகணும்.”

“போகலைன்னா?”

“நிலத்தைத் திருப்பி எடுத்துக்குவாரு.”

அத்தை நூலை நிறுத்தினாள். “அட, இது நம்ம வீடுடி!”

புருவத்துக்காரி பாதிப் புருவத்தோடு கண்ணைத் திறந்தாள். “எப்படிங்க?”

“வீடு யாரு பேர்ல? எங்க நாத்தனார் பேர்ல. பார்லர் வைக்க இந்த முன்னறையைக் கொடுத்தது யாரு? அவங்கதான். வாடகை உண்டா? கிடையாது. பதிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம ஃபேஷியல், மாசம் ஒரு தடவை தலைக்குச் சாயம், கூப்பிட்ட குரலுக்கு நான். மண்டி ஒண்ணுதான் போடலை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெடிக்யூர் பண்றப்போ அதுவும் போட்டாச்சு” என்றாள்.

வாடிக்கையாளர் சிரித்த சிரிப்பில் இடது புருவம் கொஞ்சம் கோணலாகிப்போனது. ஆனால் நிலமானிய முறை அத்தையின் தலையில் அன்றைக்கு ஆணியடித்த மாதிரி உட்கார்ந்தது.

அது உட்கார வேண்டிய கட்டாயமும் இருந்தது. தபால் வழியில் பட்டம் படித்துக்கொண்டிருந்த அத்தை மற்ற எல்லாத் தாள்களையும் தாண்டிவிட்டாள். பழங்கால, இடைக்கால உலக வரலாறு மட்டும் இரண்டு முறை அவள் காலை வாரிவிட்டிருந்தது. அழகுக்கலைப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியை வேலை அவளுக்காகக் காத்திருந்தது. கைநேர்த்தியைப் பார்த்து அவர்களே கூப்பிட்டிருந்தார்கள். பட்டம் மட்டும் வேண்டும் என்றார்கள். இந்த முறையும் கோட்டை விட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவார்கள். நாத்தனாருக்கு வேலை விஷயம் தெரியாது. ஏதோ பொழுதுபோகாமல் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைப் பிடித்தாள். முற்றுகை என்றால் செய்தித்தாளோடு குளியலறைக்குள் போய்விட்ட மாமாவும், துண்டோடு வெளியே நிற்கும் குடும்பமும். காசு கொடுத்தால் பாவத்தைக் கழித்துவிடும் அந்தக் காலத்துப் பாவமன்னிப்புச் சீட்டுக்கும் மாமாதான். “தப்புப் பண்றதுக்கு முன்னாடியே பூ வாங்கிட்டு வந்துடற மனுஷன் வேற யாரு இருக்கா?”

சிலுவைப் போர் என்றால் தையல் மெஷின். அதை இரவல் வாங்கிப்போன கொழுந்தன் திருப்பித் தருவதாக இல்லை. மீட்டு வர வீட்டிலிருந்து படை மேல் படையாகக் கிளம்பியது. ஒரு படை வழியில் சாப்பாட்டுக் கடையிலேயே தங்கிவிட்டது. நான்காவது படை மெஷினின் பக்கமே போகவில்லை; வழியில் இருந்த சித்தப்பா வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பியது.

“ஜெருசலேமுக்குன்னு கிளம்பிக் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடிச்சுட்டு வந்தாங்கன்னு படிச்சியே, அது எனக்கு ஆயுசுக்கும் மறக்காது” என்றாள் அத்தை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரை.

பார்லரில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் நாத்தனார், இன்னொன்றில் மருந்துக்கடைக்கார அம்மா. இருவர் முகத்திலும் கெட்டியாகப் பூச்சு, கண்ணில் ஈரப் பஞ்சு. பூச்சு காயும்வரை வாயை அசைக்கக் கூடாது என்பது பார்லரின் சட்டம். கண்ணில் பஞ்சு விழுந்ததும் நாத்தனார் குறட்டை விடத் தொடங்குவது வழக்கம். அன்றைக்கும் குறட்டை கேட்டது. அத்தை தைரியமாகக் கைகழுவும் தொட்டிப் பக்கம் போய்க் கிண்ணங்களை அலசிக்கொண்டே, “கேளுடி” என்றாள்.

“போப்பின் அதிகாரம்” என்று மெதுவாகச் சொன்னாள் அண்ணன் மகள்.

“எங்க நாத்தனார்தான், வேற யாரு! படை கிடையாது, பட்டாளம் கிடையாது. இடுப்புல ஒரு சாவிக்கொத்து. அதை ஒரு ஆட்டு ஆட்டினா வீடே நடுங்கும். அவங்க சொன்னா மேல இருக்கிறவரே சொன்ன மாதிரி. தப்பே வராது, வந்தாலும் அது நம்ம தப்பு.”

அப்போதுதான் அண்ணன் மகள் பார்த்தாள். குறட்டை மருந்துக்கடைக்கார அம்மாவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. நாத்தனாரின் நெற்றியில் பூச்சு விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

அவள் இருமினாள்.

“இருமாதடி, அடுத்ததைக் கேளு. சபைவிலக்கா? அதுவும் அவங்கதான். பிடிக்கலைன்னா பேச மாட்டாங்க. நாம இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது.”

விரிசல் மூக்கு வழியாகத் தாடைக்கு இறங்கியது. நாத்தனார் ஒரு கண்ணின் பஞ்சை மட்டும் எடுத்தார்.

“முகத்தைக் கழுவிவிடு” என்றார். அதோடு சரி. மருந்துக்கடைக்கார அம்மாவும் முகம் கழுவிக்கொண்டு கிளம்பியதும் பார்லரைப் பூட்டிச் சாவியைக் கொத்தில் சேர்த்துக்கொண்டார். வரலாற்றுப் புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டது. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அதன்பின் நாத்தனார் அத்தையோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரிடம் கேட்டார். “சபைவிலக்குக்கு இனிமே நான் படிக்கவே வேண்டாம்டி” என்று அத்தை அடுக்களையில் கிசுகிசுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. “புத்தகம் இல்லாம எப்படிடி எழுதுவேன்? இதை மாத்த அந்தக் காலத்துல யாராவது வழி கண்டுபிடிச்சாங்களா?”

அண்ணன் மகளுக்கு ஒரு வழி ஞாபகம் வந்தது. “ஒரு ஜெர்மன் ராஜாவைப் போப் விலக்கி வெச்சிட்டாரு. ராஜா கனோசாங்கிற கோட்டைக்குப் போய் வாசல்லயே நின்னாரு. மன்னிக்கிற வரைக்கும்.”

“எத்தனை நாள் நின்னான்?” நாத்தனாரின் குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

“மூணு நாளுங்க” என்றாள் அண்ணன் மகள். “பனியில. வெறுங்காலோட.”

“இங்க பனி இல்லையே. ஆறு நாள் நிக்கச் சொல்லு.”

அத்தை நின்றாள். வேலை முடிந்த நேரமெல்லாம் நாத்தனாரின் அறை வாசலில், செருப்பில்லாமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் திரையைப் பார்த்துக் கேட்டார்: “இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் பேர் வெச்சாங்களாமா, இல்ல மத்தவங்களுக்கும் உண்டாமா?”

“உங்க தங்கச்சி குடும்பம் ஹூணர்கள், அண்ணி” என்று அத்தை பணிவாகச் சொன்னாள். “திடீர்னு குதிரையில வர்ற மாதிரி வருவாங்க. ஃபிரிட்ஜைக் காலி பண்ணுவாங்க. போன பிறகு புல்லுகூட முளைக்காது.”

திரையைப் பார்த்த முகம் வாசல் பக்கம் திரும்பியது. நாத்தனாரின் தோள் குலுங்கியது. “அவளுக்கு அதுவும் வேணும், இன்னமும் வேணும். சரி, என் தம்பிக்கு என்ன பேரு?”

முற்றுகையைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்றார். தண்டனை மட்டும் குறையவில்லை; இன்னும் எத்தனையோ சொந்தக்காரர்கள் பாக்கி இருந்தார்களே! அத்தை புதிது புதிதாக ஆள் தேட வேண்டியிருந்தது. மறந்துபோன சொல்லையெல்லாம் அண்ணன் மகள் அடுக்களையிலிருந்து எடுத்துக்கொடுத்தாள். இப்படியாகப் பாடம் முழுவதும் வாசலில் நின்றபடியே ஒருமுறை திருப்பியாகிவிட்டது. தேர்வுக்கு முதல் நாள் மாலை, சாவி அத்தையின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கேள்வித்தாளில் கனோசா இருந்தது. அத்தை கால்வலி உட்பட எல்லாவற்றையும் எழுதித் தள்ளினாள். தேறிவிட்டாள். பயிற்சி நிலையத்துக்குத் தகவல் போனது. நியமன உத்தரவு வந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. அது வந்ததும் முன்னறையை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “இனிமே வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கு அண்ணி” என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பே விஷயம் கசிந்தால், நிலையத்துக்கு ஒரே ஒரு போன் போட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடியவர் நாத்தனார். நிலையத்தின் நிர்வாகி அவருடைய பழைய தோழி.

நாத்தனாரோ தெருவெல்லாம் பெருமை பேசினார். “நான் நிக்க வெச்சதாலதான் பாஸ் பண்ணினா. போப்புன்னா சும்மாவா?” அடுத்த முறை தலைக்குச் சாயம் போட உட்கார்ந்தபோது, கண்ணாடி வழியாக அண்ணன் மகளைப் பார்த்துக் கேட்டார்: “ஆமா, மன்னிப்பு வாங்கிட்டுப் போனானே அந்த ராஜா, அப்புறம் ஒழுங்கா இருந்தானா?”

அண்ணன் மகளுக்கு மிச்சக் கதை தெரியும். சில வருடங்கள் கழித்து அதே ராஜா படையோடு ரோமுக்குத் திரும்பினான். கடைசியில் அந்தப் போப்பே ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அத்தையும் அதைப் பரீட்சையில் எழுதியிருந்தாள்.

“படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்க” என்றாள் அவள்.

அத்தை சாயத் தூரிகையை வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கையுறையிலிருந்து கறுப்புச் சாயம் சொட்டியது.

“ஊமைக்கோட்டான், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆர்டர் என் கையில வர்ற வரைக்கும் அந்த ராஜாவைக் கனோசாவுலயே நிக்க வெச்சிரு.”