பாவுக் கோல் என் கையில்தான்

வெயில் ஏறுமுன் தெருவில் பாவு விரிப்பது பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெரு வழக்கம். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்து, முனையில் உள்ள கோலை ஒருவர் தளரவிடாமல் பிடிக்க வேண்டும். இருபது வருடமாக அந்த முனை என்னுடையது. அன்று நின்றபடியே தூங்கிவிட்டேன். கோல் தளர்ந்து, அரக்கு நிறப் பாவு புழுதியில் படிந்தது.

“இன்னா அண்ணி, நின்னுக்கினே தூங்குற! நெய் இட்லி தின்னா இப்படித்தான்” என்று நாத்தனார் கோலைப் பிடுங்கிக்கொண்டாள். தெருவே சிரித்தது.

கொலஸ்ட்ரால் அதிகம் என்று ரத்தப் பரிசோதனையில் வந்த நாளிலிருந்து என் தட்டுக்கு வீடு முழுக்கக் காவல். நெய்யை விட்டேன், மாத்திரை போட்டேன். ஒரு வருடமாகியும் சரியாக இறங்கவில்லை. ஒளித்துத் தின்கிறாள் என்றார்கள். தின்னாத நெய்க்குத் திட்டு வாங்கிப் பாருங்கள், வயிறு எரியும்!

அடுத்த முறை கொலஸ்ட்ராலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவின் அறை வாசலில் நாற்காலியிலேயே குறட்டை விட்டேன். அதைக் கேட்டுத்தான் தூக்கத்தைச் சோதிக்கச் சொன்னார். தூக்கத்தில் என் மூச்சு அடிக்கடி நின்றுவிடுகிறதாம். மூச்சு நிற்காமலிருக்க, தூங்கும்போது மாட்டிக்கொள்ள முகமூடியும் குழாயும் வைத்த காற்று மிஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

“பொம்பள குறட்டைக்கு மிஷினா? வெளியில சொல்லாத” என்றார் வீட்டுக்காரர்.

சொன்னேன். கழுவிய குழாயையும் முகமூடியையும், சாயப் பட்டு காயும் மூங்கிலிலேயே தெருவைப் பார்த்துத் தொங்கவிட்டேன். கேட்டவர்களிடம், “மூச்சு நிக்குதுப்பா, அதுக்குத்தான்” என்றேன். மூச்சு விடுவதில் என்ன மானக்கேடு?

ஆறு மாதம் போனது. அதே மாத்திரை, அதே சாப்பாடு, கூடியது மிஷின் மட்டும். பகலில் கண் சொருகுவது நின்றது. கொலஸ்ட்ராலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மிஷினும் கை கொடுத்திருக்கலாம்மா. எல்லாருக்கும் இறங்கும்னு சொல்ல முடியாது. மாத்திரையை விட்டுடாதீங்க” என்றார் டாக்டரம்மா.

அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் போதும். அடுத்த பாவு விரித்த காலையில் நேராகப் போய்க் கோலைப் பிடித்தேன்.

“தூக்கம் வந்தா சொல்லு அண்ணி, நான் புடிக்கிறேன்.”

“வராது. நீ போய் இழை அறுந்திருக்குதான்னு பாரு.”

சுருட்டி முடியும்வரை பாவு தளரவில்லை. இழை பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கண்தான் இரண்டு தடவை சொருகியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“நாளைக்கு என்கூட டாக்டரம்மாகிட்ட வா” என்றேன். “நீ இன்னா தின்னன்னு நான் கேக்கமாட்டேன்.”