பபிள் சாரின் நீர்மூழ்கி

ஜெபதாஸ் நீல டிரம்முக்குள் தலையை விட்டு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்கடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல்நிற நீர்மூழ்கி கிடக்கிறது. குடத்தோடு நிற்கும் மனைவி எவாஞ்சலினுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

"இன்னாங்க, கொழம்புக்குத் தண்ணி மொள்ளணும். ஒங்க கப்பல எடுங்க."

"கம்முனு இரு. டெஸ்ட் நடக்குது."

மண்ணூர்க்காரரான ஜெபதாஸுக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனை வேலை. காற்றடைத்த பாகத்தைத் தண்ணீரில் முக்குவார். குமிழி வராவிட்டால் பச்சை அட்டை, வந்தால் சிவப்பு. மறுபடி பார்க்கலாம் என்பதற்கு மஞ்சள் அட்டையும் உண்டு. நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது. அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தப் பாகங்களைப் பூட்டும் லைனில் வேலை செய்யும் கலைமதி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள்: "ஒரே ஒரு பபிள்தான் சார். மேல ஒட்டிக்கினு வந்த காத்தாகூட இருக்கும். மஞ்சள் போடுங்க சார்." "தண்ணி பொய் சொல்லாதும்மா" என்று சிவப்பைக் கட்டிவிடுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பபிள் சார். அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான்.

இப்பேர்ப்பட்டவர் ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கி வாங்குவதென்றால் சும்மாவா? பெண் பார்க்கப் போனபோது காபி ஆறுவதற்குள் சரி சொன்ன மனிதர், இதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். ஓடும் வேகத்தில் மூக்கைத் தாழ்த்தி முங்கும் வகை மலிவாகக் கிடைத்தது. "ஓடிக்கினே முங்கறதுக்கு நாலு வாத்து வளக்கலாமே" என்று ஒதுக்கிவிட்டார். நின்ற இடத்திலேயே வயிற்றுத் தொட்டியில் தண்ணீர் குடித்து இறங்குவதுதான் வேண்டுமாம்.

அது வந்து சேர்ந்ததும் கூட வந்த ரிமோட்டின் அலை தண்ணீருக்குள் போகாது என்று தெரிந்தது. தண்ணீருக்குள்ளும் அலை போகும், நீள ஏரியல் வைத்த பழைய ரிமோட்டுக்காக நாயாய் அலைந்தார். பிறகு சிக்னல் போனால் தானாக மேலே வர ஒரு கருவி, எடைக்கு ஈயத்துண்டு, மூடிக்கு விதவிதமாய் ரப்பர் வளையம். எதை மாட்டினாலும் மூடியைத் திறக்க வேண்டும்; திறந்தால் மறுபடி டிரம். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நகை பூட்ட மாட்டாங்க" என்பாள் எவாஞ்சலின்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். ஏரித் தண்ணீர் கலங்கல், குமிழி தெரியாது என்று சபையின் ஞானஸ்நானத் தொட்டியைக் கேட்டார். "முக்குங்க பிரதர், பேர் மட்டும் வெச்சிராதீங்க" என்றார் போதகர்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு பபிள்கூட வராது, வந்து பாருங்கள் என்று லைன் ஆட்கள் எல்லாரையும் அழைத்துவிட்டார். பபிள் வந்துவிட்டால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு சிவப்பு கட்டுவது என்ற பயம் ஞாயிறு காலையில்தான் பிடித்தது. பிடித்த பிறகாவது சும்மா இருந்தாரா? ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில், முன்பக்கம் சின்னதாய் ஒரு விளக்கு இருந்தால் நன்றாயிருக்குமே என்று மூடியைத் திறந்தார். அன்றைக்கு மட்டும் டிரம்முக்கு நேரமில்லை.

ஆராதனை முடிந்ததும் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். நீர்மூழ்கி நின்ற இடத்திலேயே அழகாக இறங்கியது. விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம், பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போது மூடியோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. விளக்கு அணைந்தது.

கலைமதிதான் மெல்லக் கேட்டாள்.

"இன்னா சார், செவப்பா?"

ஜெபதாஸ் பேன்ட் நனையத் தொட்டிக்குள் இறங்கி நீர்மூழ்கியைத் தூக்கி வந்தார். கைக்குட்டையால் துடைத்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அட்டைக்கட்டை எடுத்து, சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று தள்ளிக்கொண்டே போனார். அடியில் மடங்கிக் கிடந்த மஞ்சள் ஒன்றை உருவி, விரலால் நீவி, கலைமதியைப் பார்க்காமல் நீர்மூழ்கியின் வாலில் கட்டினார்.