'ஏ' என்று போட்டிருந்த ஊர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி உண்டு. எத்தனை வீடு, எத்தனை பேர், பள்ளிக்கூடம் இருக்கிறதா, குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று அந்த வரி போய்க்கொண்டே இருக்கும். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தின் மாடியில் உட்கார்ந்து அந்த வரிகளை அடுக்கி, எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. புதிய கணக்கெடுப்பின் விவரங்கள் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. பழையதை வைத்தே ஓட்டுகிறோம். அந்தப் பழைய கணக்கில் என் மகள் 'ஆறு வயது வரை' என்ற பத்தியில் இருக்கிறாள். இப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

"உங்களுக்கு அவ இன்னும் அந்தப் பத்திய விட்டு வெளிய வரல" என்பாள் என் மனைவி.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அதனால், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் செய்யூர் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஊரின் வரியைத் தேடினேன். ஊரில் ஆஸ்பத்திரி இல்லையென்றால், இருப்பதிலேயே பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 'ஏ'. ஐந்திலிருந்து பத்து என்றால் 'பி'. பத்தைத் தாண்டினால் 'சி'. அந்த ஊருக்கு 'ஏ' என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் போகலாம் என்றேன்.

"எப்படித் திடீர்னு?" என்று மனைவி கேட்டாள்.

"பாத்துட்டேன். பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு."

முகாம் தொடங்கிய அந்த வாரம் நான் செய்துகொண்டிருந்ததும் ஆஸ்பத்திரி வேலைதான். மாவட்டத்தில் புதிய துணை சுகாதார நிலையம் எந்தெந்த ஊருக்கு முதலில் வேண்டும் என்று ஒரு வரிசை. 'சி' ஊர்களை மேலே ஏற்றி, 'ஏ' ஊர்களைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன். அப்போதுதான் முகாமுக்குப் பொறுப்பான பேராசிரியை போன் செய்தார்.

"சார், பதற்றப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கருவாடு காயப்போடும் இடத்தைப் பிள்ளைகள் கூட்டிப் பெருக்கியிருக்கிறார்கள். மகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று.

"அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதானே மேடம், இப்ப வந்துடும்" என்றேன்.

"இல்ல சார். கழியச் சுத்தி வரணுமாம். முக்கால் மணி நேரமாவது ஆகும்னு டிரைவர் சொல்றாரு."

லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

உடன் வேலை செய்பவர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். மதுராந்தகம் வரை கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். நான் போனில் அந்த ஊரின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையமும் குப்பமும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம். கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் கழி அதுதான். சாலை தெற்கே இறங்கி, பாலம் ஏறி, மணல்திட்டு வழியாகத் திரும்ப வடக்கே வந்தது. 'ஏ' என்று போட்டவன் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டான் என்று நினைத்தேன். யாரென்றே தெரியாத அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் மற்ற நினைப்பு வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

செய்யூர் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது பேராசிரியையிடமிருந்து செய்தி வந்தது. சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம்.

மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நெபுலைசர் மாஸ்க். சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது. பேராசிரியைக்குப் பக்கத்தில் கைலி கட்டிய ஒருவரும், குப்பத்துப் பெண் ஒருவரும் நின்றிருந்தார்கள். ஓடி வந்ததில் எனக்கும் மூச்சு வாங்கியது.

"நீதான் நைனாவா?" என்றார் கைலிக்காரர். "பொண்ணு நல்லாத்தான் கீது சார். உன்னியப் பாத்தாதான் பேஜாரா கீது. ஒக்காரு, உனக்கும் ஒரு மாஸ்க் மாட்டச் சொல்றேன்."

"எப்படி வந்தீங்க?"

"இன்னா கேள்வி இது, போட்லதான். ஆம்புலன்ஸு சுத்திகினு வர்றதுக்குள்ள நாங்க கழியத் தாண்டி வந்துட்டோம். அது அங்க போய் நின்னுகினு எனக்கே போன் பண்ணுது, எங்கடா பேஷன்ட்டுன்னு."

"தூரம் எவ்வளவு?"

"மூணு கிலோமீட்டரு, நாலு. ஆஸ்பத்திரி எம்மாந்தூரம்னு எவன் வந்து கேட்டாலும் அதான் சொல்லுவோம். ரோட்டு வழியா எவன் போறான்?"

வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்த ஆள் ஸ்கேல் எதையும் வைக்கவில்லை. ஊரில் போய்க் கேட்டிருக்கிறான். அவர்கள் தாங்கள் போகும் வழியைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏதோ தண்ணி கீது, வந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண். "சித்திரையா இருந்தா அத்தினியும் சேறு. போட்டும் ஓடாது, காலும் வைக்க முடியாது."

அது மாசி மாதம். அவள் எதையோ எண்ணிச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். நான்தான் மாதத்தை எண்ணினேன். நடுவில் பங்குனி மட்டும்தான் இருந்தது.

மகள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள். "அப்பா, உங்க லிஸ்ட்ல இந்த ஊரு இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"கடைசிப் பக்கத்துல."

அவள் மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வேலை நாளில் அதிகாரியிடம் அந்த ஊரை மேலே கொண்டுவர வேண்டும் என்றேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"உங்க பொண்ணுக்கு நடந்ததுக்காக ஒரு ஊர மேல ஏத்தினா, நாளைக்கு அவனவன் தன் வீட்டுக் கதையோட வருவான். அப்புறம் எதுக்கு இந்த அறிக்கை?"

அவர் சொன்னது சரிதான். நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவரே சொன்னார். "கடலோர ஊர் எல்லாத்துக்கும் ரோட்டுத் தூரத்தத் தனிப் பத்தியாப் போடுங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி. அப்ப அந்த ஊரு தானா மேல வந்தா வரட்டும்."

சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து தெற்கே ஒவ்வோர் ஊராகப் போன் செய்து கேட்டேன். பல ஊர்களில் குழப்பமே இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஒரே சாலை. கழியோரமாக இருந்த இன்னோர் ஊரில் ஒரு பெண் எடுத்தாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அதே கேள்வியைக் கேட்டேன்.

"எந்த மாசத்துல கேக்குற?" என்றாள்.

புதிய பத்தியில் ஓர் ஊருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. "சித்திரைல" என்றேன்.

"அப்ப சுத்தித்தான் போவணும். பதிமூணு பதினாலு கிலோமீட்டரு வரும். சித்திரைல எவனும் நோவுல படுக்காம இருந்தா சரி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அந்த ஊருக்கும் 'சி' போட்டேன். மகள் போன குப்பமும் சாலை வழியே பத்தைத் தாண்டியதால் அதற்கு ஏற்கெனவே போட்டிருந்தேன். அது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. சுகாதார நிலையம் வருமா என்பது எனக்குத் தெரியாது.

முகாமின் கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்று, வீட்டுக்குத் திரும்பியிருந்த மகள் கேட்டாள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் எந்த வரியையும் தேடவில்லை. போட்டில் அவளைக் கொண்டுவந்த கைலிக்காரரின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். அவரைக் கூப்பிட்டேன்.

"கழில தண்ணி இருக்கா?"

"கீது சார், கீது. அனுப்பு."

அவள் பையில் இரண்டு இன்ஹேலர்களை வைத்தேன். அவள் திரும்பி வரும்வரை அவரை இன்னும் நான்கு முறை கூப்பிட்டேன். நான்காவது முறை அவர் போனை எடுக்கவில்லை.