பெருநாளிலும் ஒரு கிண்ணம் கீரை

ஷுப்ரா மெட்ரோ நிலையத்தில் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் தஹானி உட்கார்ந்திருக்கும் நாளில் வரிசையைத் தாண்டிக் கையை நீட்டியவன் எவனும் சீட்டு வாங்கிப் போனதில்லை. அமைச்சர் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தாலும் வாலில் போய் நின்று வர வேண்டியதுதான். வரிசையில் நிற்கிறவர்களிடம் அவள் காட்டிய கண்டிப்பைத் தன்னிடமும் காட்டினாள். கழிப்பறை நடைமேடையின் மறுகோடியில் இருந்தது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்தால் வரிசை கத்தும். ஆகவே தண்ணீரே குடிப்பதில்லை. கெய்ரோ வெயிலில் காலை முதல் மத்தியானம் தாண்டும்வரை அசையாமல் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் சொம்பைத் தூக்குவாள். அப்படியே இருபது வருடம் ஓட்டிவிட்டாள்.

உடம்பு எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒரு வருடம் ஈஸ்டர் கழிந்த வாரங்களில் இடது கால் கெண்டைச்சதை வீங்கிச் சிவந்தது. நரம்பு பிசகியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துவிட்டார் கணவர் ஃபாயிஸ். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற மனிதர். தலையைத் தவிர மற்ற உறுப்புகளைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவர். நல்லவேளையாக அந்த எண்ணெய் வைத்தியம் ஒரு நாளோடு நின்றது. மருத்துவமனையில் டாக்டர் ஹாஸிம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலின் ஆழத்து இரத்தக் குழாயில் கட்டி என்றார். அது பிய்ந்து மேலே ஏறினால் நுரையீரலை அடைத்துவிடும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

இரத்தம் உறையாமல் இருக்க தினமும் சாயங்காலம் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட வேண்டும். எல்லாவற்றையும் தஹானி செய்தாள். ஜூலை மாதத்தில் அந்தக் காலுறையை ஏற்றுவது என்ன பாடு என்று போட்டவர்களைக் கேட்டால் தெரியும். ஜன்னலை விட்டு அவள் எழும்போதெல்லாம் வரிசையிலிருந்து, "அம்மா, எங்க, மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா?" என்று குரல் வரும். "உனக்குத்தான்டா பொண்ணு பார்த்தேன், அவ வேணாம்னு ஓடிட்டா" என்று சொல்லிவிட்டு நொண்டாமல் நடந்து போவாள்.

ஆனாலும் அவளுடைய இரத்தம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாதம் அது அளவுக்கு மேல் இளகி, பல் தேய்த்தால் ஈறிலிருந்து வடிந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். இன்னொரு மாதம் மாத்திரையே சாப்பிடாதவளைப் போல உறைய ஆரம்பித்தது. டாக்டர் கூட்டினார். இப்படிக் கூட்டியும் குறைத்தும் அலுத்துப்போய், வழக்கத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எதையும் மாற்றவில்லை என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அது பொய்யில்லை.

எங்கள் தெருவில் பாதி வீடு கோப்டிக் கிறிஸ்தவர்களுடையது. வருடத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்கு ஏதாவது ஒரு நோன்பு இருக்கும். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. தவக்காலத்தில், ஏறக்குறைய எட்டு வாரம், மீன்கூடக் கிடையாது. அப்புறம் ஈஸ்டர் வந்துவிட்டால் தொடர்ந்து ஏழு வாரம் நோன்பே இருக்கக் கூடாது என்பதும் சபையின் சட்டம்தான். அதில் மட்டும் யாரும் தவறுவதில்லை.

தஹானியோ நோன்பில் ஒரு துளிப் பால் தொட்டவள் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். அவளுக்கு அதன்மேல் அப்படி ஒரு பிடிப்பு. காரணம் உண்டு. ஜன்னல் வேலை அப்பா பார்த்து வைத்தது. கணவன் அத்தை பார்த்து வைத்தது. பிள்ளை இல்லாமல் போனது கடவுள் பார்த்து வைத்தது. அவளாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது நோன்பு ஒன்றுதான். ஃபாயிஸுக்கு அந்தப் பைத்தியம் கிடையாது. வீட்டில் பருப்புக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போய், எதிர்த்த கடையில் வெண்ணெயில் பொரித்த முட்டையை வரவழைத்துத் தின்பார். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வாயில் புதினாவை அடக்கிக்கொண்டு வருவார்.

போன வருடம் தவக்காலத்தின் நடுவில், ஒரு மத்தியானம், தஹானி முலூகியா சமைத்துக்கொண்டிருந்தாள். பொடிப்பொடியாக அரிந்த அந்தக் கீரையைக் குழம்பாக்கி, கடைசியில் பூண்டும் கொத்தமல்லி விதையும் எண்ணெயில் சிவக்க வறுத்து அதன் தலையில் கொட்டுவார்கள். கொட்டுகிற அந்தக் கணத்தில் சமைக்கிறவள் திடுக்கிட்டவளைப் போல ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கீரை சட்டியின் அடியில் படிந்துவிடும். இது கிறிஸ்தவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒன்றுதான். தஹானி இழுக்கிற மூச்சு மாடிப்படி முழுக்கக் கேட்கும். கீழ்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் ரொட்டியைச் சூடாக்குவார்கள்.

அன்றைக்கும் இழுத்தாள். முன்னறையில் செய்தித்தாளோடு இருந்த ஃபாயிஸ், வழக்கம்போல, "சபாஷ்" என்றார். உள்ளே போன மூச்சு பாதியில் நின்றுவிட்டது. விலாவில் கத்தி சொருகியது மாதிரி வலி. கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை "சபாஷ்" என்றார். பதில் வராத பிறகுதான் எட்டிப் பார்த்தார். அவள் அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து, மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. எங்கள் தெருவுக்கு இன்னும் தஹானி இருக்கிறாள் என்றால், அந்த நேரத்தில் வாசலில் நின்ற ஒரு மைக்ரோபஸ்காரன் வண்டியிலிருந்த ஆட்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டதுதான் காரணம்.

கண்டம் தாண்டிய மூன்றாம் நாள் டாக்டர் ஹாஸிம் கட்டிலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரையை எத்தனை நாள் விட்டீர்கள், உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டேன் என்றார். மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஆக்ஸிஜன் மூடிக்கு மேலே தஹானியின் கண்கள் அவரை எரித்தன. ஃபாயிஸ்தான் வாதாடினார்.

"அவ விடமாட்டா டாக்டர். நான் சாப்பிட வரலைங்கறதை மறந்தாலும் மறப்பா, மாத்திரையை மறக்க மாட்டா."

"அப்ப அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"முலூகியாதான். மூச்சு இழுத்தா. நான் சபாஷ்னேன்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாரத்தில் எத்தனை நாள் முலூகியா என்று கேட்டார் டாக்டர். நோன்பு நாளில் வேறு என்ன இருக்கிறது என்றார் ஃபாயிஸ். முலூகியா இல்லாவிட்டால் பசலை, அதுவும் இல்லாவிட்டால் மல்லியும் வெந்தயக்கீரை போன்ற தழைகளும் கட்டுக்கட்டாய்ப் போட்டு மசித்த மொச்சை. சரி, ஈஸ்டருக்கு அப்புறம் என்று கேட்டார் டாக்டர். அப்புறம் ஏழு வாரத்துக்குப் பச்சை நிறத்தையே இந்த வீட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார் ஃபாயிஸ். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவர் விளக்கியது இதுதான். கீரையில் இரத்தத்தை உறையவைக்கும் சத்து இருக்கிறது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கீரை மறுபக்கம் இழுக்கும். தினமும் ஒரே அளவு கீரை தின்றால் அதற்கேற்ப மாத்திரையைப் பொருத்திவிடலாம். எட்டு வாரம் சட்டிசட்டியாய்த் தின்றுவிட்டு, ஏழு வாரம் தொடாமல் இருந்தால் எந்த மாத்திரையும் தாக்குப்பிடிக்காது. இறைச்சி தின்கிற வாரங்களில் ஈறு வடிந்ததும், நோன்பு வாரங்களில் மாத்திரையை மீறி இரத்தம் உறைந்ததும் அதனால்தான்.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

தஹானி மூடியைக் கையால் விலக்கினாள். "என்ன மாத்தினீங்கன்னுதானே கேட்டீங்க? நான் பொறந்ததுலருந்து நோன்பை மாத்தினதே இல்லையே."

என் வீட்டுக்கு மேல்மாடியிலும் கோப்டிக் குடும்பம்தான் இருக்கிறது, பெருநாள் பலகாரம் வாங்கித் தின்கிறேன், எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பங்குக் குருவானவர் அபூனா சரபமூன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சட்டென்று முடித்துவிடப் பார்ப்பவர். தலையில் சிலுவையை வைத்து ஜெபித்துவிட்டு, நோயாளிக்கு நோன்பு கிடையாது, இன்றோடு உனக்கு விடுதலை மகளே, பாலும் முட்டையும் சாப்பிடு என்றார். தஹானி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டி வந்தபோதுகூட அழாதவள் அப்போது அழுதாள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, உயிரில் தன்னுடையது என்று இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. எனக்கு அவளைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தபோது ஃபாயிஸ் அவரை வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொன்னார். டாக்டர் உள்ளே வந்து கட்டிலருகில் நின்றார்.

"உங்க நோன்பை நான் நிறுத்தச் சொல்லலம்மா. மொச்சை, பருப்பு, அரிசி, என்ன வேணா சாப்பிடுங்க. கீரை மட்டும் தினம் ஒரு சின்னக் கிண்ணம். நோன்பானாலும் அதே கிண்ணம், பெருநாளானாலும் அதே கிண்ணம்."

"பெருநாளன்னைக்கா?"

"பெருநாளன்னைக்கும்தான். இன்னொரு தடவை நுரையீரலுக்குப் போச்சுன்னா, மைக்ரோபஸ் கிடைச்சாலும் நான் காப்பாத்திடுவேன்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் தஹானி அலமாரியிலிருந்து நீலக்கரை போட்ட கிண்ணம் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். நோன்பில் அதோடு நிறுத்திக்கொள்வதே கஷ்டம்தான். நுரையீரலே நின்றுபோனவளுக்கும் முலூகியா என்றால் நாக்கு நிற்காது. ஆனால் அவள் பயந்தது அதற்கு இல்லை. எட்டு வாரம் தழையும் மொச்சையுமாய்க் கழித்த வீட்டில், ஈஸ்டர் அன்று கீரை வாசனை வந்தால் என்ன கேலி நடக்கும் என்பது இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு தாளிப்பைக் கொட்டும்போது அவள் மூச்சு இழுப்பதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கொட்டுவாள். மறுபடி அந்தக் கத்தி சொருகிவிடுமோ என்று பயம். கீரை அடியில் படிந்தது. அவள் அப்படித்தான் சொன்னாள்.

ஈஸ்டர் அன்று ஃபாயிஸின் தம்பி குடும்பம் சாப்பிட வந்தது. மேசையில் ரொட்டியும் சோறும் பூண்டுச் சாறும் கலந்து, மேலே மாட்டிறைச்சியை அடுக்கிய பெரிய தாம்பாளம். எல்லோரும் வாயூறிக் காத்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து முலூகியா வாசனை வந்ததும் தம்பி மனைவி நாதிரா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தஹானி அக்கா, ஆண்டவர் உயிர்த்துட்டார். உங்க அடுப்புக்கு மட்டும் இன்னும் சேதி வரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாயிஸும் சிரித்துவிட்டு, முதல் ஆளாய்த் தாம்பாளத்திலிருந்து நல்ல துண்டாகப் பார்த்துத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார். அடுப்படியில் தஹானிக்கு முகம் சுண்டிவிட்டது. இந்தப் பேச்சை இனி ஒவ்வொரு பெருநாளும் கேட்க வேண்டும், சாகிறவரை. அந்த எரிச்சலில் உதட்டைக் கடிக்க மறந்துபோய்ப் பூண்டைச் சட்டியில் கொட்டினாள். மூச்சு தானாக வந்தது. நெஞ்சின் அடிவரைக்கும் இறங்கியது, எங்கும் தடுக்கவில்லை, மாடிப்படி முழுக்கக் கேட்டது.

முன்னறையில் நாற்காலி கவிழ்ந்தது. ஃபாயிஸ் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"கீரைக்குத்தாங்க" என்றாள் தஹானி. "ஒண்ணுமில்ல. கீரைக்குத்தான் இழுத்தேன்."

அவர் "சபாஷ்" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவர் அதற்கப்புறம் சொன்னதே இல்லை. சற்று நேரம் அப்படியே நின்று அவள் மூச்சு விடுவதைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

இரண்டு கிண்ணமும் மேசைக்கு வந்தன. தன் தட்டிலிருந்த இறைச்சியைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, ரொட்டியைப் பிய்த்துக் கீரையில் தோய்த்தார் ஃபாயிஸ். நாதிராவுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், உங்களுக்கு என்ன ஆச்சு?"

"நோன்புல தின்ன முட்டைக்கெல்லாம் ஈடு கட்டறேன்" என்றார். சொன்ன பிறகுதான் யார் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னோம் என்று உறைத்தது. மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"தெரியும்" என்றாள் தஹானி.

"எப்பலருந்து?"

"கல்யாணம் ஆன வருஷத்துலருந்து. அந்தப் புதினாவை எந்தக் கழுதை நம்பும்?"

சிரித்த சிரிப்பில் தம்பிக்குப் புரையேறிவிட்டது. ஃபாயிஸ் தலையைக் குனிந்து கிண்ணத்தை வழித்துத் தின்றார். முடித்ததும் கிண்ணத்தை நீட்டி இன்னும் ஒரு கரண்டி கேட்டார். தஹானி கொடுக்கவில்லை. அளவு என்றால் அளவுதான் என்று சொல்லி, இரண்டு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.