கொஞ்சம் மறக்கட்டும்

உத்ரெக்ட் நகரில் என் மகள் படிக்கும் பள்ளியில், தப்பான விடை சொன்ன குழந்தை தானே சிரித்துவிட்டு மறுபடி கை தூக்குகிறது. நெதர்லாந்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், அதைப் பார்க்கும்போது நான் சட்டென்று டீச்சர் முகத்தைப் பார்ப்பேன். நான் தாம்பரத்தில் படித்தவள். அங்கே தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்.

குழந்தைகளுக்குப் பாடம் எப்படி நினைவில் நிற்கிறது என்று ஆராய்வது என் வேலை. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் நன்றாகப் பதிகிறது. சற்று மறந்த பிறகு எழுதினால் இன்னும் நல்லது. இதை நம் ஊர் வகுப்பறையில் செய்துபார்க்க, போன வருஷம் விடுப்பெடுத்துக்கொண்டு சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போனேன். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த ஸ்டெல்லா மிஸ்ஸிடம், "பாடம் முடிஞ்ச உடனே கேள்வி கேட்க வேண்டாம் மிஸ். ஒரு வாரம் விடுங்க, கொஞ்சம் மறக்கட்டும்" என்றேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. "மறக்கறதுக்கா மேடம் நான் தொண்டை வலிக்க நடத்துறேன்?"

விளக்கிச் சொல்ல ஒரு மாலை முழுக்க ஆயிற்று; பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வரும்போதெல்லாம், அது போகும்வரை இருவரும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அரைமனதாகச் சம்மதித்தார். வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைத்தாள், அதில் நினைவிலிருந்து போன வாரப் பாடம். மார்க் கிடையாது, எழுதியதைப் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரமே நந்தினி என்ற மாணவியின் அப்பா தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார்.

"டெஸ்ட்னாலே என் பொண்ணுக்கு ஜுரம் வருது மேடம். இதுல வாராவாரம் டெஸ்ட், அதுக்கு மார்க்கும் இல்லன்னா எப்படி? நீங்க ஃபாரின் போயிடுவீங்க, அவ இங்கதானே படிக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கையில் இருந்ததெல்லாம் வேறு நாட்டுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வின் முடிவுகள்தான். "காலாண்டுத் தேர்வு வரைக்கும் பார்ப்போம் சார். மார்க் குறைஞ்சா நிறுத்திடறோம்" என்றார் தலைமையாசிரியை.

தேர்வுக்கு முன்பே என் விடுப்பு முடிந்துவிட்டது. உத்ரெக்டில் என் வேலைகளைப் பார்த்தேன் என்று பேர். மனசெல்லாம் நந்தினியிடம் இருந்தது. ஒரு காலையில், நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா மிஸ் பள்ளியிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மார்க் குறையல மேடம். கொஞ்சம் கூடத்தான் வந்திருக்கு."

"நந்தினி?"

"எல்லாப் பரீட்சையும் எழுதிட்டா. ஜுரமே வரல. நேத்து வந்து, அடுத்த வாரம் வெள்ளைத்தாள் உண்டா மிஸ்னு கேக்கறா. அவங்க அப்பாவும் நிறுத்த வேணாம்னுட்டாரு."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பல வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

அவர் மேலே ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் பள்ளியை ஒட்டிய தண்டவாளத்தில் மின்ரயில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லாரையும் போல அவர் பேச்சை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லாத என் சமையலறையில், என் மகள் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை காத்திருந்தேன்.